மூன்றரை அங்குலம்

ஷெஃபீல்டில், ஏற்றத்தின் பாதியில்,
தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இருபத்தாறு வீடுகளில்
எங்களுடையது பத்தொன்பது.
சாவி கைக்கு வந்த அன்று ஃபெர்கஸ் சொன்னான்:
"விக்டோரியா காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே."
நானும் தலையாட்டினேன்.
அப்படியே என்றால் எப்படி என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சிமெண்ட்டைக் கொத்தினோம்.
யாரோ நல்லது நினைத்துப் பூசியதுதான்.
உள்ளே செங்கல்
குடித்த மழையை வெளியே விட வழியில்லாமல்
உப்புப் பூத்துக் கிடந்தது.
சுண்ணாம்புச் சாந்து, கொஞ்சம் ஆட்டுமயிர்,
பிறகு பொறுமை என்றார்கள்.
உறைபனி இரவுகளில் ஈரச் சுவருக்குச்
சாக்குப் போர்த்தினோம்.
எங்களுக்கு ஒரே போர்வை,
அதுவும் அவன் பக்கம்.

மாடி ஜன்னலின் கயிறு அறுந்து
சட்டத்துக்குள் இரும்பு எடை விழுந்த மதியம்
பக்கத்து வீட்டு லிண்டன்
(இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குபவன்)
பொதுச்சுவரில் இரண்டு தட்டு தட்டினான்.
நான் ஒரு தட்டு தட்டி மன்னிப்புக் கேட்டேன்.
ஒன்பது அங்குலச் சுவர்.
நாலரை அவனுக்கு, நாலரை எங்களுக்கு.
இருமல் மட்டும் பங்கு பிரிக்காமல்.

சமையலறைச் சுவரில் ஃபெர்கஸ்
சாக்கட்டியால் குற்றப் பட்டியல் எழுதிவைத்திருந்தான்:
அடைத்த கணப்பு.
பலகை அடித்து மூடிய கதவு.
இடுப்புக்குக் கீழே சுவிட்சுகள், எல்லா அறையிலும்.
அப்புறம் அந்த நிலை.
ஒரு பக்கம் மூன்று வரி நெளிவோடு பழைய மரம்,
மறு பக்கம் வெறும் பைன் கட்டை,
ரம்பம் கோணலாகப் போன தடம்.
மூன்றரை அங்குலம் தின்றிருந்தது.
"எந்தக் காட்டானோ" என்றான்.
"கண் தெரியாதவன்" என்றேன் நான்.
நெளிவை அச்சு எடுத்துப்போய்
ரோதரமில் புது மரம் செதுக்கச் சொன்னோம்.
முன்பணம் எண்பது பவுண்டு.

நாங்கள் இல்லாதபோது வந்த பார்சலைக் கொடுக்க
லிண்டன் உள்ளே வந்தான்.
நிலையைப் பார்த்து நின்றுவிட்டான்.
"ஹெட்லி வெட்டியது இது.
ஒரு ஞாயிறு முழுக்க.
எனக்கு ஏழு வயது, சத்தம் எங்கள் சுவர் வழியாக வந்தது.
அம்மா கதவைத் தட்டிக் கேட்கப் போய்
தானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
திங்கட்கிழமை மேவிஸை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள்.
சக்கர நாற்காலி எவ்வளவு அகலம் என்று
அன்று காலைதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது."
பிறகு தேநீர் வேண்டாம் என்றான்,
தூங்கவேண்டும் என்றான்.

பழைய மரத்தில், முழங்கால் உயரத்தில்,
வரிசையாகச் சொட்டைகள்.
மேசை நாற்காலி இடித்தது என்று நினைத்து
பாதிக்குமேல் மரப்பசை வைத்து அடைத்திருந்தேன்.
நன்றாகவே அடைத்திருந்தேன்.
தேய்த்தால் எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது.
மிச்சம் பதினொன்று.

அன்றிரவு சண்டை போட்டோம்.
எண்பதுகளில் கட்டியவனின் கை என்றான் ஃபெர்கஸ்,
ஆயிரத்தெண்ணூற்று எண்பதுகள்.
இதுவும் ஒரு கைதானே என்றேன்.
அப்படிப் பார்த்தால் சிமெண்ட்டும் கைதான் என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சிமெண்ட் சுவரைக் கொன்றது என்றேன், சற்றுத் தாமதமாக.
அவன் தூங்கியிருந்தான்.

கணப்பைத் திறந்தோம். கதவின் பலகையைக் கழற்றினோம்.
பட்டியலின் மற்ற இரண்டு வரிகளும்
மே மாதம் வெள்ளையடிக்கும்வரை சுவரில் இருந்தன.
ரோதரம் மரம் வந்துசேர்ந்தது, நெளிவு அச்சு அசலாக.
முன்பணம் திரும்பவில்லை, மீதியும் கொடுக்கவேண்டியிருந்தது.
நடைவழியில் சாய்ந்து நிற்கிறது.
குடை மாட்ட ஆகிறது.

வேலை முடிந்து நனைந்து வந்தால்
இருட்டில் என் கை இன்னும்
தோள் உயரத்தில்தான் தேடுகிறது.
அங்கே சுண்ணாம்பு, வழவழப்பாக, ஜில்லென்று.
பிறகு கீழே இறங்குகிறது.